நியூட்ரான் டிடெக்டர் வடிவமைப்பும் சிமுலேஷனும்: குமரி மாவட்ட ஆய்வு மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சாதாரண காமா மீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். கருமணல் படிந்த திட்டு வரும் இடமெல்லாம் முள் எகிறும். காரணம் மணலில் இருக்கும் மோனசைட், அதற்குள் இருக்கும் தோரியம். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து இந்த மோனசைட்டை அடையாளம் கண்டார். அன்றிலிருந்து நம் கடற்கரைக்கு உலக அணு வரைபடத்தில் ஓர் இடம் உண்டு. அதே மணல்தான் நியூட்ரான் டிடெக்டர் செய்ய உட்காரும் நம் ஊர் மாணவருக்கு முதல் தலைவலி.

ஏனென்றால் நியூட்ரான் டிடெக்டர் என்று பெயர் வைத்த எந்தக் கருவியும் காமாவுக்கும் ஓரளவு கூவும். வெளிநாட்டுப் பாடக் குறிப்பைப் பார்த்து அப்படியே சிமுலேஷன் செய்தால் அந்தக் கூவல் கணினித் திரையில் வராது. நீங்கள் அங்கே காமாவைப் போடவில்லை, அவ்வளவுதான். சிமுலேஷன் நாம் கட்டிக்கொடுத்த உலகத்தைப் பற்றி மட்டுமே பேசும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். முதுகலை இயற்பியல் படித்தவர், கொஞ்சம் சி++ தெரிந்தவர், கையில் ஒரு நல்ல லேப்டாப் உள்ளவர் என்று உங்களை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பதை எம்.இ.வி. என்றும், கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்பதைக் கே.இ.வி. என்றும் சுருக்கிக்கொள்கிறேன்.

படி 1: கேள்வியை எழுதுங்கள், டிடெக்டரை அல்ல

"ஹீலியம்-3 குழாய் வைக்கலாமா, பிளாஸ்டிக் வைக்கலாமா" என்று தொடங்கும் மாணவர்கள்தான் அதிகம். அதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுத வேண்டும். எந்த ஆற்றல் நியூட்ரான்? எண்ணிக்கை மட்டும் போதுமா, ஒவ்வொன்றின் ஆற்றலும் வேண்டுமா? நொடிக்கு எத்தனை வரும்? கூடவே எவ்வளவு காமா வரும்?

எடுத்துக்காட்டாக, இரண்டு கனமான அணுக்கருக்கள் மோதி இணைந்து, சூடான கரு நியூட்ரான்களை உதிர்ப்பதை அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நியூட்ரான்கள் ஒன்றிலிருந்து பத்து எம்.இ.வி. வரை வேகமானவை, ஆற்றலும் வேண்டும். அதற்கு ஒரு வழி. அணுஉலைக்குப் பக்கத்திலோ கடற்கரையிலோ பின்னணி நியூட்ரானை எண்ண வேண்டும் என்றால் வேறு வழி. பின்னணி அளப்பவர்களுக்கு ஒரு செய்தி. நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். பூமியின் காந்தப்புலம் இங்கே காஸ்மிக் கதிர்களை வெகுவாகத் தடுத்துவிடுவதால், வானத்திலிருந்து வரும் பின்னணி நியூட்ரான் வட நாடுகளைவிட நமக்குக் குறைவு. அங்கே அளந்த எண்ணை இங்கே போடக் கூடாது.

படி 2: நியூட்ரான் எப்படிப் பிடிபடும்

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அது நேராகச் சிக்னல் தராது. ஏதோ ஒரு கருவை மோதி, அந்தக் கருவோ அதன் துண்டோ ஓடினால்தான் நமக்குத் தெரியும். இதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு.

முதல் வழி, மெதுவான நியூட்ரானை விழுங்கவைப்பது. ஹீலியம்-3 விழுங்கினால் ஒரு புரோட்டானும் ஒரு டிரைட்டானும் எதிரெதிராகப் பறக்கும், 573 கே.இ.வி. புரோட்டானுக்கு, 191 டிரைட்டானுக்கு, மொத்தம் 764. வெப்ப நியூட்ரானுக்கு (0.025 எலக்ட்ரான் வோல்ட், நொடிக்கு 2200 மீட்டர்) இதன் குறுக்குவெட்டு (விழுங்கும் வாய்ப்பின் அளவு, பார்ன் அதன் அலகு) சுமார் 5330 பார்ன். போரான்-10 சுமார் 3840 பார்ன். ஆல்ஃபாவும் லித்தியமும் பறக்கும், நூற்றில் 94 தடவை 478 கே.இ.வி. காமா ஒன்றும் கூட வரும். லித்தியம்-6 சுமார் 940 பார்ன்தான், ஆனால் 4.78 எம்.இ.வி. என்ற பெரிய பரிசைத் தரும். சிக்னல் பெரிதானால் காமாவிலிருந்து பிரிப்பது எளிது என்பதால், குறுக்குவெட்டு குறைந்தாலும் லித்தியத்துக்கு மவுசு உண்டு.

ஹீலியம்-3 பழைய டிரைட்டியம் சிதைந்து கிடைப்பது. உலக அளவில் தட்டுப்பாடு வந்தபின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் போரான் பூச்சு டிடெக்டர்களைப் பற்றி இவ்வளவு பேச்சு. ஆனால் பூச்சில் ஒரு பொறி இருக்கிறது. ஆல்ஃபா போரானுக்குள் மூன்று மைக்ரான் சொச்சம்தான் ஓடும். பூச்சைத் தடிமனாக்கினால் உள்ளே பிறந்த ஆல்ஃபா உள்ளேயே நின்றுவிடும். நேராக வரும் வெப்ப நியூட்ரானுக்கு ஒரே அடுக்கில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டுவது கடினம். பல அடுக்குகள் வேண்டும், அல்லது சாய்த்து வைக்க வேண்டும்.

இரண்டாவது வழி, வேகமான நியூட்ரான் ஹைட்ரஜனை மோதித் தள்ளுவது. கோலி விளையாடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு கோலி இன்னொரு கோலியை நேராக அடித்தால் அடித்தது நின்றுவிடும், அடிபட்டது முழு வேகத்தில் ஓடும். அதே கோலி அம்மிக்கல்லில் பட்டால் தெறித்துத் திரும்பும், கல் அசையாது. நியூட்ரானும் புரோட்டானும் ஒரே எடை. ஆகவே ஒரே மோதலில் முழு ஆற்றலையும் கொடுத்துவிட முடியும். கார்பனுக்கு அதிகபட்சம் 28 விழுக்காடு, ஈயத்துக்கு 2 விழுக்காடுகூட இல்லை. ஈயச் சுவர் வைத்து நியூட்ரானைத் தடுக்கலாம் என்று நினைப்பவருக்கு இந்த எண் போதும்.

இரண்டையும் இணைத்து, ஹைட்ரஜனால் வேகத்தைக் குறைத்து, பிறகு ஹீலியத்திலோ போரானிலோ விழுங்கவைப்பதுதான் தணிப்பான் வைத்த டிடெக்டர். 2 எம்.இ.வி. நியூட்ரான் வெப்ப நிலைக்கு வர ஹைட்ரஜனில் சராசரியாக 18 மோதல் போதும், கார்பனில் சுமார் 115 வேண்டும். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் பாலிஎத்திலீனும் மெழுகும் தண்ணீரும் இதற்கு நல்ல பொருள்கள். ஆனால் இப்படிச் செய்தால் ஆற்றல், நேரம் இரண்டின் நினைவும் போய்விடும். எண்ணிக்கை மட்டும் மிஞ்சும்.

படி 3: கணினியைத் திறக்கும் முன் கைக்கணக்கு

இதைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம், ஆகையால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

வேக நியூட்ரானின் ஆற்றலை அளக்கும் பழைய, நம்பகமான வழி பறக்கும் நேரம். இலக்கில் மோதல் நடந்த நொடியில் ஒரு கடிகாரம் தொடங்கும். நியூட்ரான் டிடெக்டருக்கு வந்தால் நிற்கும். டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான பொது ஆக்ஸிலரேட்டர் மையத்தில் (ஐயூஏசி) இந்த வேலைக்காகவே நூறு திரவ சிண்டிலேட்டர்கள் (துகள் பட்டால் ஒளிரும் பொருள் கொண்ட டிடெக்டர்கள்) அடங்கிய அணிவரிசை இருக்கிறது. ஒவ்வொன்றும் ஐந்து அங்குல விட்டம், ஐந்து அங்குலத் தடிமன், இலக்கிலிருந்து 175 சென்டிமீட்டர். நாமும் அந்த அளவையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்.

2 எம்.இ.வி. நியூட்ரான் ஒரு நானோ நொடிக்கு சுமார் 1.96 சென்டிமீட்டர் போகும். 175 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 90 நானோ நொடி. ஒளி அதே தூரத்தை 6 நானோ நொடியில் கடந்துவிடும், ஆகவே இலக்கிலிருந்து வரும் காமா வெகு முன்னதாகவே தனிச் சிகரமாக நிற்கும். நேரத்தில் ஒரு நானோ நொடி பிழை என்றால் ஆற்றலில் அதன் இரட்டிப்பு விகிதம், அதாவது சுமார் 2.2 விழுக்காடு. 10 எம்.இ.வி.க்கு நேரமே 40 நானோ நொடிதான் என்பதால் அதே பிழை 5 விழுக்காடாகும்.

இப்போது தடிமனைப் பாருங்கள். ஐந்து அங்குலம் என்றால் 12.7 சென்டிமீட்டர். நியூட்ரான் அதில் முன்னால் மோதியதா பின்னால் மோதியதா என்று தெரியாது. தூரத்தில் 7 விழுக்காடு அகலம், ஆற்றலில் அதன் இரட்டிப்பு 14.5. ஐந்து சென்டிமீட்டராகக் குறைத்தால் 6-க்கும் கீழே வரும். அப்படியானால் மெல்லியதாகவே வைக்கலாமே? இங்கேதான் விலை கொடுக்க வேண்டும். சைலீன் அடிப்படையிலான திரவத்தில் கன சென்டிமீட்டருக்கு 4.8 × 10²² ஹைட்ரஜன் அணு. 2 எம்.இ.வி.யில் ஹைட்ரஜனின் குறுக்குவெட்டு சுமார் 2.9 பார்ன். பெருக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு 0.14. ஐந்து சென்டிமீட்டரில் நூற்றுக்கு 50 நியூட்ரான் மோதும், 12.7 சென்டிமீட்டரில் 83.

இன்னொரு வெட்டும் உண்டு. தெறிக்கும் புரோட்டானின் ஆற்றல் பூஜ்ஜியத்திலிருந்து முழு ஆற்றல் வரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவும். ஒரு எம்.இ.வி. புரோட்டானுக்குக் கீழே இருப்பதைத் தள்ளிவிடும்படி வாசலை வைத்தால், 2 எம்.இ.வி. நியூட்ரானில் பாதி வெளியே போய்விடும். 83 என்பது 40-ஐ ஒட்டி வந்துவிடும், 50 என்பது 25-க்கு. கார்பனில் மோதல், இரண்டாம் மூன்றாம் மோதல் எல்லாம் சேர்ந்தால் கொஞ்சம் மாறும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று கேட்பதற்குத்தான் சிமுலேஷன். முக்கால்வாசி விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

படி 4: எந்த மென்பொருள்

என் பரிந்துரை ஜியான்ட்4. இலவசம், 1998 முதல் வெளியாகி வருகிறது, கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆளும் கிடைக்கும். அமெரிக்காவின் எம்சிஎன்பி நியூட்ரான் கணக்கில் மூத்தது, ஆனால் உரிமம் பெறுவது நம் மாணவர்களுக்கு எளிதில்லை. ஜப்பானின் பிட்ஸ் விண்ணப்பித்தால் கிடைக்கும், சி++ பயமுள்ளவருக்கு அது நல்ல வழி. ஓப்பன்எம்சி நியூட்ரான், காமாவின் ஓட்டத்தைச் சுத்தமாகக் கணக்கிடும். தணிப்பான் தடிமனைத் தேர்வு செய்ய அருமை. ஆனால் புரோட்டான், ஆல்ஃபாவைப் பின்தொடராது என்பதால் சிக்னலின் உயரத்தை அதில் பார்க்க முடியாது.

உபுண்டுவில் நிறுவுங்கள். நியூட்ரான் தரவுக் கோப்புகளையும் சேர்த்து ஓரிரு ஜிகாபைட்டாவது இறங்கும், இரவில் போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். இயற்பியல் பட்டியலை (எந்த மோதலை எந்த முறையில் கணக்கிடுவது என்ற தொகுப்பை) தேர்ந்தெடுக்கும்போது பெயரின் கடைசியில் "ஹெச்பி" இருக்கிறதா என்று பாருங்கள், கியூஜிஎஸ்பி-பிக்-ஹெச்பி போல. அந்த இரண்டு எழுத்து இல்லாத பெரும்பாலான பட்டியல்களில் 20 எம்.இ.வி.க்குக் கீழே அளந்து தொகுத்த தரவு பயன்படாது, நம் வேலை முழுக்க அதற்குக் கீழேதான். தணிப்பான் வைப்பவர்கள் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். 4 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே ஹைட்ரஜன் தனி அணுவாக நடந்துகொள்ளாது, பாலிஎத்திலீன் மூலக்கூறின் உறுப்பாக நடந்துகொள்ளும். அதற்கென்று வெப்பச் சிதறல் தொகுதி உண்டு. அதைப் பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது. பொருளை வரையறுக்கும்போது ஹைட்ரஜனுக்கு அந்தத் தொகுதி எதிர்பார்க்கும் தனிப் பெயரையே வைக்க வேண்டும். இல்லையென்றால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பழைய கணக்கே ஓடும்.

படி 5: விடை தெரிந்த கேள்வியை முதலில் கேளுங்கள்

முழு டிடெக்டரைக் கட்டாதீர்கள். நான்கு வளிமண்டல அழுத்தத்தில், 2.5 சென்டிமீட்டர் தடிமனில் ஹீலியம்-3 பலகை ஒன்றை வையுங்கள். சுவர் வேண்டாம், காற்று வேண்டாம். நேராகப் பத்தாயிரம் வெப்ப நியூட்ரானைச் செலுத்துங்கள். கைக்கணக்கு 73.7 விழுக்காடு. ஆகவே 7,370-ஐ ஒட்டி, 44 ஏற இறங்க வர வேண்டும். வந்தால் பொருள், அடர்த்தி, தரவு மூன்றும் சரி.

ஒருமுறை ஒரு மாணவர் ஓடி வந்தார். "சார், பத்தாயிரமும் விழுந்தாச்சு, ஒண்ணுகூடத் தப்பல்ல!" முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த வாயுவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிகிராம். அவர் 0.5 கிராம் என்று எழுதியிருந்தார். ஹீலியத்தை ஆயிரம் மடங்கு அமுக்கிக் கட்டையாக்கிவிட்டார், அவ்வளவுதான். நானும் சிரிக்கவில்லை, ஏனென்றால் இயற்கை லித்தியத்தை நூறு விழுக்காடு லித்தியம்-6 என்று வைத்து மூன்று வாரம் ஓட்டியவன் நான். இயற்கை லித்தியத்தில் அது ஏழரை விழுக்காடுதான். போரானில் போரான்-10 இருபது விழுக்காடு. செறிவூட்டியதா இயற்கையா என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

அடுத்து அதே வாயுவை உருளைக் குழாயில் அடையுங்கள். பதிந்த ஆற்றலை வரைந்தால் 764-இல் சிகரமும், இடப்பக்கம் 573, 191 ஆகிய இடங்களில் படிக்கட்டுகளும் தெரிய வேண்டும். ஒரு துண்டு சுவரில் மோதி ஆற்றலை இழந்ததன் அடையாளம் அது. படிக்கட்டு வரவில்லை என்றால் சுவர் சரியில்லை. போரான் பூச்சுக்கு வரும்போது இரண்டாம் துகள்களின் ஓட்டத்துக்கு ஜியான்ட்4 தானாக வைத்திருக்கும் 0.7 மில்லிமீட்டர் எல்லையை நம்பாதீர்கள். இரண்டு மைக்ரான் பூச்சுக்குள் அடி எடுத்து வைக்கும் நீளத்தை நாமே நறுக்கித் தர வேண்டும்.

படி 6: ஒளியாக மாற்றும் இடம்

சிண்டிலேட்டரில் தொண்ணூறு சதவீதத் தவறுகள் இங்கேதான் நடப்பதாக எனக்குத் தோன்றும். ஜியான்ட்4 தருவது பதிந்த ஆற்றல். ஃபோட்டோமல்டிப்ளையர் (ஒளியை மின்துடிப்பாக மாற்றும் குழாய்) பார்ப்பது ஒளி. எலக்ட்ரான் கொடுக்கும் ஒளி ஆற்றலோடு நேராக ஏறும். புரோட்டான் அடர்த்தியாக அயனியாக்குவதால் ஒளி அமுங்கிவிடும். என்இ-213 வகைச் சிண்டிலேட்டர் திரவத்தில் ஒரு எம்.இ.வி. புரோட்டான் தருவது 0.2 எம்.இ.வி. எலக்ட்ரானின் ஒளி. இரண்டு எம்.இ.வி. புரோட்டான் சுமார் 0.6. ஐந்து எம்.இ.வி. என்றால் 2.2-ஐ ஒட்டி. கார்பன் அணுக்கரு கிட்டத்தட்ட இருட்டு.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஒரு நியூட்ரான் 2 எம்.இ.வி. முழுவதையும் ஒரே புரோட்டானுக்குத் தந்தால் 0.6. இரண்டு புரோட்டானுக்கு ஒவ்வொரு எம்.இ.வி.யாகப் பிரித்துத் தந்தால் 0.4 மட்டுமே. மொத்தப் பதிந்த ஆற்றல் இரண்டிலும் ஒன்றே. ஆகவே நிகழ்வு முடிந்தபின் கூட்டுத்தொகையை ஒளியாக மாற்றக் கூடாது. ஒவ்வொரு துகளின் பாதையையும் தனித்தனியே ஒளியாக்கி, அப்புறம் கூட்ட வேண்டும். பிறகு டிடெக்டரின் மங்கலை (ஒரே ஆற்றலுக்கும் சிக்னல் சற்று ஏறி இறங்குவதை) சேர்க்க ஒரு காஸியன் குலுக்கல், அதற்குப் பிறகே வாசல். ஒவ்வொரு ஒளித்துகளையும் பின்தொடரும் வசதி மென்பொருளில் உண்டு. முதலிலேயே அதைத் திறந்தால் லேப்டாப் பம்பரம் சுற்றும், விடை பெரிதாக மாறாது. நீளமான பட்டைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு எம்.இ.வி.க்கு மேலே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே நியூட்ரான் கார்பனை உடைத்து ஆல்ஃபாக்களாகச் சிதறடிக்கும். அந்த வழிகளைத் தனித்தனியாகக் கையாள்வதற்காகவே மெனேட்-ஆர் என்ற சேர்க்கைத் தொகுதி இருக்கிறது. அதோடும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நியூட்ரானை விழுங்கவைக்கக் காடோலினியம் பயன்படுத்துபவர்களும் கவனிக்க: ஹெச்பி பட்டியலில் விழுங்கலுக்குப் பின் வரும் காமாக்கள் சராசரியில் சரியாக இருக்கும், ஒவ்வொரு நிகழ்விலும் ஆற்றல் கூட்டித் தேறும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

படி 7: காமாவை உள்ளே கொண்டுவாருங்கள்

இப்போது மணவாளக்குறிச்சிக்கு வருவோம். தோரியத் தொடரின் கடைசியில் தாலியம்-208 தரும் காமா 2614 கே.இ.வி. சிண்டிலேட்டரில் அது காம்ப்டன் மோதலால் எலக்ட்ரானுக்குத் தரும் உச்சம் 2381 கே.இ.வி. மேலே சொன்ன ஒளிக்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 5 எம்.இ.வி. வரையுள்ள நியூட்ரான் தரும் மொத்த ஒளியும் அந்த ஒரே காமாவின் நிழலுக்குள் அடங்கிவிடுகிறது. வாசலை உயர்த்தித் தப்பிக்கலாம் என்ற யோசனைக்கு இடமே இல்லை.

மிச்சமிருப்பது சிக்னலின் வடிவம். ஸ்டில்பீன் படிகம், சில திரவங்கள், சில தனிவகைப் பிளாஸ்டிக்குகள் ஆகியவற்றில் புரோட்டான் தரும் ஒளிக்கு வால் நீளம், எலக்ட்ரான் தருவதற்கு வால் குட்டை. சிக்னலின் மொத்தப் பரப்பையும் வாலின் பரப்பையும் தனித்தனியே எடுத்து விகிதம் போட்டால் நியூட்ரான், காமா இரண்டு மேடுகளாகப் பிரியும். இரண்டு மேட்டின் இடைவெளியை அவற்றின் பாதி உயர அகலங்களின் கூட்டால் வகுப்பது பிரிப்பு எண். 1.27-க்கு மேல் வந்தால் நல்ல பிரிப்பு என்று பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் எந்த ஒளி அளவில் அளந்தது என்று சொல்லாத பிரிப்பு எண்ணுக்கு மதிப்பில்லை. ஒளி குறையக் குறைய இரண்டு மேடும் ஒன்றில் ஒன்று சரியும். வாங்கும்போது காட்டும் படம் எப்போதும் பெரிய ஒளியில் எடுத்ததாகவே இருக்கும்.

சிமுலேஷனில் செய்ய வேண்டியது இது. டிடெக்டரைச் சுற்றி, தரையில் தோரியத் தொடரும் பொட்டாசியம்-40-ம் கலந்த மணல் அல்லது கான்கிரீட் வையுங்கள். அதிலிருந்து காமாவை உதிரவிடுங்கள். ஒவ்வொரு ஒளி அளவிலும் எத்தனை காமா நியூட்ரான் பக்கம் தவறி விழும் என்பதை அளந்த பிரிப்பு எண்ணைக் கொண்டு கணக்கிடுங்கள். உண்மையான நியூட்ரான் நூறும் காமா லட்சமும் வரும் இடத்தில், ஆயிரத்தில் ஒரு காமா தவறினாலே நியூட்ரான் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும்.

படி 8: அறையும் சுவரும்

நியூட்ரான் வெறும் வெளியில் பறப்பதில்லை. கான்கிரீட் தரையில் நீர் இருக்கிறது, சுவரில் மோதித் திரும்பி டிடெக்டருக்குள் பின்வாசல் வழியே வரும். தரை, சுவர், டிடெக்டரைத் தாங்கும் இரும்பு மேசை, ஏன் பக்கத்தில் நிற்கும் மனிதனையும் தண்ணீர் உருளையாக வைக்கலாம். அடுத்தடுத்த டிடெக்டர்களில் ஒரே நியூட்ரான் இரண்டிலும் மோதி இரண்டாக எண்ணப்படுவதும் இங்கேதான் தெரியும்.

கவசத்துக்கு மெழுகோடு போரான் கலப்பது வழக்கம். கேரம் பலகையில் தூவும் பொடி பெரும்பாலும் போரிக் அமிலம்தான். எடையில் 17 விழுக்காடு போரான். மெழுகை மட்டும் வைத்தால் ஹைட்ரஜன் நியூட்ரானை விழுங்கி 2.22 எம்.இ.வி. காமா விடும், போரான் கலந்தால் விழுங்கும் வேலையை அது எடுத்துக்கொண்டு 478 கே.இ.வி. என்ற சாதுவான காமாவைத் தரும். எந்த விகிதத்தில் கலப்பது என்பதைச் சிமுலேஷனில் அரைநாளில் கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வரி. ஒரு விழுக்காடு துல்லியம் வேண்டுமானால் பதிவான நிகழ்வு பத்தாயிரம் வேண்டும். ஆயிரத்தில் ஒன்றுதான் பதிவாகும் என்றால் ஒரு கோடி நியூட்ரானை ஓட்ட வேண்டும். நான்கு கணினியில் பிரித்து ஓட்டும்போது தற்போக்கு எண்களின் தொடக்க எண்ணை வெவ்வேறாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒரே விடையை நான்கு தடவை எழுதியதாக ஆகும்.

படி 9: மேசையில் வைத்துச் சரிபார்த்தல்

நியூட்ரான் மூலத்தை நினைத்தவுடன் வைத்துக்கொள்ள முடியாது. கலிஃபோர்னியம்-252 ஆனாலும் அமெரிசியம்-பெரிலியம் ஆனாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும், பயிற்சி பெற்ற பாதுகாப்பு அலுவலரும் வேண்டும். அனுமதியுள்ள ஆய்வகத்துக்கு நாம் டிடெக்டரைக் கொண்டுபோவதே வழி. மோனசைட் மணலை வாளியில் அள்ளி வந்து வீட்டில் வைத்துக்கொள்ளும் எண்ணமும் வேண்டாம். அது சட்டப்படி அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். அளப்பதானால் கருவியைக் கரைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய காமா அளவீடு ஒன்று உண்டு, பலரும் யோசிப்பதில்லை. வாழைக்கும் ரப்பருக்கும் போடும் பொட்டாஷ் உரம் உரக்கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது. அதிலுள்ள பொட்டாசியம்-40 தரும் 1461 கே.இ.வி. காமாவின் காம்ப்டன் விளிம்பு, அதாவது எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் உச்சம், 1243 கே.இ.வி. கடற்கரையில் 2381. ஒளி அளவுகோலைச் சரிபார்க்க இரண்டு புள்ளி கிடைத்துவிட்டது. ஆய்வகத்தில் சீசியம்-137 இருந்தால் 477 மூன்றாவது புள்ளி. விளிம்பு என்பது சரிவின் உச்சியா பாதியா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். அதே காமாவைச் சிமுலேஷனில் ஓட்டி, மங்கலைச் சேர்த்து, அளந்த படத்தோடு பொருத்தினால் விளிம்பு எங்கே என்பதை அதுவே சொல்லும்.

கலிஃபோர்னியம்-252 கிடைக்கும் இடத்தில் நல்ல வாய்ப்பு. ஒரு பிளவுக்குச் சராசரியாக 3.76 நியூட்ரான், பிளவு நடந்த நொடியை அறிவிக்க அதே பிளவுத் துண்டு. பறக்கும் நேரத்தால் ஒவ்வொரு ஆற்றலுக்கும் பிடிபடும் விகிதம் எவ்வளவு என்று அளந்து, சிமுலேஷன் வளைவை அதன்மேல் வையுங்கள். அரை ஆயுள் 2.65 ஆண்டுதான், ஆகவே மூலத்தின் சான்றிதழில் உள்ள தேதியைப் பார்க்காமல் எண்ணை எடுத்துவிடாதீர்கள். வளைவு எல்லா ஆற்றலிலும் ஒரே விகிதத்தில் விலகினால் தூரத்திலோ மூலத்தின் வலிமையிலோ பிழை. குறைந்த ஆற்றலில் மட்டும் விலகினால் வாசல் அல்லது ஒளிக்கணக்கு. அதிக ஆற்றலில் மட்டும் என்றால் கார்பனைச் சந்தேகியுங்கள். வளைவை இழுத்துப் பொருத்த ஒரு பெருக்கெண்ணைப் போட்டு விஷயத்தை மூடுவது எளிது. அதைச் செய்தால் பிழை உள்ளேயே தங்கிவிடும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க வைத்திருந்த என் உயரழுத்தக் கனெக்டர் பச்சை பூத்துவிட்டது. நியூட்ரான் கூடிவிட்டது என்று இரண்டு நாள் துள்ளினேன். உப்பு ஈரத்தில் மின்கசிவு கொடுத்த பொய்த் துடிப்பு அது. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் மாவட்டம் இது. கனெக்டரைச் சுற்றிச் சிலிக்கா ஜெல் பை, மூடிய பெட்டி இரண்டும் கட்டாயம். மூலம் எதுவும் இல்லாமல் ஒரு முழு இரவு ஓட்டி, விளக்கைப் போட்டும் அணைத்தும் எண்ணிக்கை மாறுகிறதா என்று பார்த்தால் ஒளிக்கசிவும் பிடிபடும்.

படி 10: ரயிலேற்றும் முன்

ஐயூஏசி போன்ற மையங்களில் பீம் நேரம் (ஆக்ஸிலரேட்டரைப் பயன்படுத்தும் நேரம்) கேட்கும் விண்ணப்பத்தில், மேலே செய்த கைக்கணக்கும் சிமுலேஷன் வளைவும் காமா கணக்கும் இரண்டு பக்கத்தில் இருந்தால் கேள்வி கேட்பவர்களுக்கு வேலை குறையும். நேரம் கிடைத்தபின் டிடெக்டரைக் கொண்டுபோவது தனிக் கதை. சைலீன் அடிப்படைத் திரவம் தீப்பிடிக்கக் கூடியது, அதைக் கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏற்ற முடியாது. அங்கே உள்ள திரவ டிடெக்டரைப் பயன்படுத்துங்கள், அல்லது பிளாஸ்டிக்கோ ஸ்டில்பீனோ கொண்டுபோங்கள். ஸ்டில்பீன் படிகம் திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விடும். தெர்மோகோலில் நன்றாகச் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் போனால், டெல்லிக் குளிரில் இறங்கியவுடன் பெட்டியைத் திறக்காதீர்கள். ஆய்வக அறைக்குள் வைத்து, சில மணி நேரம் கழித்துத் திறங்கள்.